வளரும் பிள்ளைக்கு மலையேற்றப் பை வாங்கும் முன் முதுகை அளந்துவிடுங்கள்

மதுரையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகளுக்கு 12 வயது, எடை 36 கிலோ. மகனுக்கு 16 வயது, 55 கிலோ. விடுமுறையில் ஒரு குழுவோடு கொடைக்கானல் பக்கம் மூன்று நாள் முகாம் போகிறார்கள். இரண்டு இரவு டென்ட்டில் தங்கல், அதில் ஒரு நாள் முழுக்கச் சுமையோடு நடை. "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி 60 லிட்டர் பையா வாங்கிடலாமா? வளர்ற பிள்ளைங்க, கொஞ்சம் பெரிசா இருந்தா நாலு வருஷம் ஓடும். எந்த பிராண்டு நல்லது?" இதுதான் கேள்வி.

வேண்டாம். பை எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் லிட்டரில் சொல்கிறார்கள். மகளுக்கு 60 லிட்டர் வாங்கவே வேண்டாம். மகனுக்கும் அது தேவைக்கு அதிகம். தீபாவளிச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்து, கையை மடித்துவிட்டுப் போடச் சொல்லலாம். பையில் அந்தக் கணக்கு செல்லாது. சட்டை தொளதொளவென்று இருந்தால் பார்க்கத்தான் நன்றாக இருக்காது. பை தொளதொளவென்று இருந்தால் தோளும் முதுகும் அந்த மூன்று நாளும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதன் பிறகு "மலையேற்றம் எனக்கு வேண்டாம்பா" என்று பிள்ளை சொல்லிவிட்டால், அது பையால் வந்த வினை. உடற்பயிற்சி ஆசிரியராகப் பல வருடம் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனவன் நான். பாதியில் அழுத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காலில் தெம்பு இருந்தது, பைதான் சரியில்லை.

ஒரு நாள் கண்ணில் நிற்கிறது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டிச் சாலை இல்லாமலே நெடுங்காலம் இருந்த ஊர் அது, சாமான் எல்லாம் குதிரை முதுகில்தான் போய்வரும். பாதை நெடுகக் கல்லும் வேரும். எனக்கு முன்னால் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி. சித்தப்பாவின் 65 லிட்டர் பையைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு அடி இறங்கும்போதும் பையின் அடிப்பகுதி அவள் பின்பக்கத்தில் இடித்து அவளை முன்னால் தள்ளியது. இரண்டு கட்டைவிரலையும் தோள் வாருக்கு அடியில் கொடுத்து வாரைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தாள். பிள்ளை அப்படிப் பிடித்தால், தோள் வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தேவையில்லை. நிறுத்தி, "என்னம்மா?" என்றேன். "விரல் எல்லாம் மரத்துப்போச்சு சார்" என்றாள். தோள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்பை வார் அழுத்தினால் அப்படித்தான் ஆகும். பையை இறக்கிப் பார்த்தால் தோள் இரண்டிலும் விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு.

இடுப்புப் பட்டையைப் போட்டுப் பார்த்தோம். கடைசி வரை இழுத்தும், பஞ்சு வைத்த இரண்டு முனையும் முன்னால் வந்து முட்டிக்கொண்டன, பட்டை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. பெரிய ஆள் இடுப்புக்குச் செய்த பட்டை அந்தச் சின்ன இடுப்பில் எப்படி நிற்கும்? பைக்குள் இரண்டு ஜீன்ஸ், ஒரு பெரிய டர்க்கி டவல், எவர்சில்வர் சம்படம் நிறைய முறுக்கு, வீட்டில் வைத்திருக்கும் முழு ஷாம்பு பாட்டில். இடம் இருந்தது, வைத்தார்கள். பெரிய பையில் எப்போதும் நடப்பது இதுதான். அந்த டவலை மடித்து அவள் இடுப்புக்கும் பட்டைக்கும் நடுவில் கொடுத்து இறுக்கினோம். கனமான சாமான்களைப் பெரிய பையன்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் நிமிர்ந்து நடந்தாள்.

அந்த டவல் என்ன செய்தது என்று புரிந்தால் பை வாங்கும் வித்தையில் பாதி வந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கே வைத்துத் தூக்குகிறார்கள்? இடுப்பில். பக்கவாட்டில் துருத்தி நிற்கும் இடுப்பெலும்பின் மேல் குடம் உட்கார்ந்துகொள்கிறது, கனம் நேரே காலுக்கு இறங்கிவிடுகிறது. அதே குடத்தைக் கையில் தொங்கவிட்டு ஒரு தெரு நடந்து பாருங்கள். நல்ல மலையேற்றப் பையும் இந்த எலும்பை நம்பித்தான் இருக்கிறது. 1952-ல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்று கடையில் சட்டம் வெளியே தெரியாமல் முதுகுத் துணிக்குள் பலகையாகவும் கம்பியாகவும் ஒளிந்திருக்கிறது, தத்துவம் மாறவில்லை. சட்டம் கனத்தைக் கீழே கொண்டுவருகிறது, பட்டை அதை இடுப்பில் ஏற்றுகிறது. சரியாக மாட்டிய பையில் முக்கால் பங்குக்குக் குறையாத கனம் இடுப்பில் இருக்கும். தோள் வாரின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

பட்டை இடுப்பெலும்பில் உட்காரும்போதே வாரும் தோளில் படிய வேண்டும் என்றால், பையின் முதுகு நீளமும் பிள்ளையின் முதுகு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். ஆகவே தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தலையைக் குனியச் சொன்னால் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், டேப்பின் ஒரு முனை அங்கே. பிறகு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல் பின்பக்கம் இருக்கும்படி இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்க்கும் கோடு முதுகில் எங்கே வருகிறதோ அதுவரை, முதுகு வளைவை ஒட்டியே அளக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 36, 38 செ.மீ. வரலாம், மகனுக்கு 45 செ.மீ. வரலாம். நான் சொல்வது உத்தேசம், நீங்கள் அளப்பதே கணக்கு. பெரியவர்களுக்கான பைகளில் பலவற்றின் மிகச் சிறிய அளவே 40 செ.மீ. வாக்கில்தான் தொடங்கும். மகளுக்கு அந்த வரிசையில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"வளரும் பிள்ளை" என்ற கவலைக்கு விடை லிட்டரில் இல்லை, முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியில் இருக்கிறது. தோள் வார் கோத்திருக்கும் பலகையை வெல்க்ரோவிலோ ஏணிப்படி மாதிரி வளையத்திலோ ஒவ்வொரு படியாக உயர்த்தலாம். சிறுவர்களுக்கென்றே இப்படிச் செய்யும் பைகள் உண்டு. ஆஸ்ப்ரேயின் ஏஸ், டாய்ட்டரின் ஃபாக்ஸ் இரண்டும் அந்த ரகம். விலை கூடுதல்தான். ஆனால் பலகையின் கடைசிப் படி வரைக்கும் முதுகோடு கூடவே வளரும், வாங்கும்போது அந்த உச்ச அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் டெகத்லானிலும் வைல்ட்கிராஃப்ட்டிலும் முதுகு மாற்றும் வசதியுள்ள மாடல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிராண்டு பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. பேர்போன பையே ஆனாலும் அளவு தப்பினால், அளவு பொருந்திய சாதாரணப் பைக்கு அது ஈடாகாது.

இனி கனக் கணக்கு. இதைப் பை வாங்கும் முன்பே போட வேண்டும், கடைக்குப் போவதெல்லாம் கடைசி வேலை. தினமும் சுமக்கும் புத்தகப் பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கை சொல்கிறது. எப்போதோ ஒரு முறை, இடுப்புப் பட்டை உள்ள நல்ல பையோடு போகும்போது சிறு பிள்ளைக்கு 15 சதவீதம் வரை நான் விடுவேன். பழகிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு 20 சதவீதம். அதற்கு மேல் யார் சொன்னாலும் கூடாது. உங்கள் மகளுக்கு 5.4 கிலோ. மகனுக்கு 8 கிலோவில் ஆரம்பித்து உச்சத்தில் 11.

மகளின் சாமானைத் தரையில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். பை மட்டும் 1.1 கிலோ. ஸ்லீப்பிங் பேக் 1 கிலோ. ஃபோம் மேட் 350 கிராம். இரண்டு செட் துணி, ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் 1.2 கிலோ. ரெயின்கோட் 350. தட்டு, டம்ளர், ஸ்பூன் 250. டார்ச், சோப்பு, பிரஷ், மருந்து எல்லாம் 350. கடலை மிட்டாய், பேரீச்சை 400. இதுவே 5 கிலோ ஆகிவிட்டது. இன்னும் தண்ணீரை வைக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதைக் குறைக்க வழியில்லை. ஒன்றரை லிட்டர் ஊற்றினால் ஆறரை கிலோ. அவளுக்கு உள்ள அளவைத் தாண்டி ஒரு கிலோவுக்கு மேல் போய்விட்டது, இத்தனைக்கும் ஊதாரித்தனமாக ஒரு பொருள்கூட வைக்கவில்லை.

பெற்றோர் இந்த இடத்தில் "பரவாயில்லை, தூக்கிடுவா" என்பார்கள். தூக்குவாள். முதல் ஒரு மணி நேரம் தூக்குவாள். அதற்குப் பதிலாக ஸ்லீப்பிங் பேக்கை அண்ணனிடம் கொடுங்கள். அவன் சாமான் பெரிய பை, கூடுதல் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏழரை கிலோ வந்தால் இதோடு எட்டரை, தாராளமாகத் தாங்குவான். மகளின் மாற்றுடையில் ஒரு செட்டைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். ஜீன்ஸ் எடுத்துப்போகவே கூடாது. நனைந்தால் ஈயமாகக் கனக்கும், மலைக் குளிரில் காயவும் காயாது. பருத்தியைவிட விளையாட்டு டிராக் துணி நல்லது. ராத்திரிக்கு மட்டும் ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் இரவு உறையவைக்கும்.

இவ்வளவையும் பரப்பி வைத்த பிறகுதான் லிட்டர். மகளுக்கு 35 முதல் 40 போதும். மகனுக்கு 45 முதல் 50, டென்ட்டில் ஒரு பங்கும் பாத்திரமும் அவன் தலையில் விழும் என்பதால். சாமான் வண்டியில் முகாமுக்கு வந்துவிடும், பகலில் சும்மா சுற்றி வருவதுதான் என்றால் இந்தப் பை இரண்டுமே வேண்டாம், 20 லிட்டர் பை ஆளுக்கொன்று போதும். வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளிலும் பெரும்பாலானவை அப்படி ஒரே நாளில் நடந்து திரும்பும் பாதைகள்தான். ஆகவே முகாம் நடத்துபவரிடம் முதலில் கேளுங்கள்: எத்தனை கிலோமீட்டர் சுமையோடு நடை, டென்ட்டும் மேட்டும் அவர்கள் தருகிறார்களா? இந்த ஒரு போன் காலில் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும். சில கடைகளில் மணல் மூட்டை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் போகும்போதே ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் நாலைந்தைத் துண்டில் சுற்றி எடுத்துப்போங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கனத்தை உள்ளே வைத்து, எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, பையைப் போட்டதும் முதலில் இடுப்புப் பட்டை. பட்டையின் நடு அகலம் இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும். வயிற்றில் ஏறினால் மூச்சுப் பிடிக்கும், கீழே இறங்கினால் தொடை தூக்க முடியாது. பக்கிளை மாட்டி இறுக்கிய பிறகு பஞ்சு முனை இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியாவது மிச்சம் இருக்க வேண்டும். முட்டிக்கொண்டால் அந்தப் பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தோள் வார், கீழ்நோக்கி அல்ல, கீழும் பின்னுமாக இழுத்து. வாருக்கும் தோளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, அதே சமயம் தோளில் அமுக்கவும் கூடாது. தோள் உச்சியிலிருந்து பையின் தலைக்குப் போகும் ஒரு சின்ன வார் இருக்கும். அதை அளவாக இழுத்தால் பை முதுகோடு ஒட்டிவரும், அந்த வார் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். படுக்கையாகக் கிடந்தால் பை குட்டை, பிள்ளை பெரிசு. கடைசியாக நெஞ்சுப் பட்டை, காறையெலும்புக்கு இரண்டு விரல், மூன்று விரல் கீழே, மூச்சு நன்றாக விட முடிகிற அளவுக்கு. பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டை மேலும் கீழும் நகரக்கூடியதாக இருப்பது ரொம்ப முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், அம்மாவோ அக்காவோ கூட இருந்து பார்ப்பது நல்லது.

மாட்டியதும் கடையில் படிக்கட்டு இருந்தால் இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போட்டிருக்கட்டும். பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "நல்லா இருக்கா?" என்பது அல்ல. புதுப் பை வாங்கும் சந்தோஷத்தில் எந்தப் பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். "கனம் எங்கே தெரியுது?" என்று கேளுங்கள். இடுப்பைத் தொட்டுக் காட்டினால் சரி. தோளைக் காட்டினால் இன்னும் சரி செய்ய வேண்டும், அல்லது வேறு பை.

துணி, ஜிப், தையல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோள் வார் பையோடு சேரும் இடத்தில்தான் பை கிழியும். அங்கே சதுரம் போட்டு அதன் குறுக்கே பெருக்கல் குறி மாதிரித் தையல் ஓடியிருந்தால் நம்பலாம். ஒரே கோடு தையலாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு ஓட்டு மெழுகு நூலில் போட்டு வாங்குங்கள், பை ஆயுசுக்கும் நிற்கும். பழைய பை கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் உள்பக்கத்துத் துணியைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ தண்ணீர் தடுக்கும் பூச்சு போய்விட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பரணில் மூடிக் கிடந்த பைகளுக்கு இது அடிக்கடி வரும்.

மழைக்குப் பையோடு வரும் கவரை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளேயே வாய் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத ட்ரை பேக் ஒன்றை வைத்து, ஸ்லீப்பிங் பேக்கும் ராத்திரித் துணியும் அதற்குள் போய்விட வேண்டும். மற்றது நனைந்தால் நனையட்டும். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கேரி பேக்கும் கொண்டுபோகக் கூடாது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் பாட்டில். பையைக் கழற்றாமலே கை எட்டும் பக்கவாட்டுப் பையில் அது நிற்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். தண்ணீர் எடுக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளைகள் குடிக்காமலே நடப்பார்கள்.

அடுக்கும் முறை: அடியில் ஸ்லீப்பிங் பேக், அது மெத்து. கனமானது எல்லாம் நடுவில், முதுகை ஒட்டி. வெளிப்பக்கம் துணி. மேலே ரெயின்கோட், டார்ச், மதியச் சாப்பாடு. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் யாரோ பின்னால் இழுப்பது போலவே இருக்கும். பைக்கு வெளியே டம்ளர், சட்டி என்று எதையும் தொங்கவிட வேண்டாம். செடியில் மாட்டும், சத்தம் போடும், அட்டைப் பூச்சி ஏறவும் வழி. செருப்பு கோக்க ஒரு வளையம் மட்டும் இருந்தால் போதும், வெள்ளகவி மாதிரி ஊர்களில் ஊருக்குள் நுழையும் முன் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். தின்பண்டத்தை வெளிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள், குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

பையைத் தூக்கிப் போடவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே வீச்சில் தரையிலிருந்து தோளுக்குச் சுழற்றும்போதுதான் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி, பையை முதலில் தொடைமேல் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, பிறகு அடுத்த கை. முகாமுக்கு ஒரு வாரம் முன்பு முழுச் சாமானோடு பையை அடுக்கி, இரண்டு பேரையும் அழகர்கோயில் மலைப் பாதையிலோ, யானைமலைப் பக்கமோ காலையில் இரண்டு மணி நேரம் நடக்க வையுங்கள். எந்த வார் உரசுகிறது, எந்தச் சாமானைத் தொடவே இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அடுக்குவதும் பிள்ளைகளே அடுக்கட்டும். அம்மா அடுக்கிய பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

திரும்பி வந்ததும் பையைத் தலைகீழாக உதறி, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். மகளுக்கு இப்போது உயரும் வயது. அடுத்த விடுமுறைக்குப் பையை எடுக்கும்போது டேப்பையும் எடுத்து முதுகை மறுபடி அளந்து, பலகையை எத்தனை படி ஏற்ற வேண்டுமோ ஏற்றிக் கொடுங்கள்.